ஒற்றும் ஒற்றரும்: எழுத்து ஜோடிகள் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

தமிழில் மெய்யெழுத்துக்கு ஒற்று என்று பெயர். வேவு பார்ப்பதற்கும் ஒற்று என்றுதான் பெயர். குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இரண்டும் ஒரே வேரா என்கிற சொல்லாராய்ச்சிக்குள் நான் நுழையப்போவதில்லை. (அதற்கு நம்மிடையே ஆட்கள் நிறையவே உண்டு.) எழுத்தைப் பற்றிய அறிவுக்கும் வேவுக்கும் இடையில் ஆயிரத்து இருநூறு வருடமாக ஓடிவரும் ஓர் உறவைப் பேச இந்தச் சொல் வசதியாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மறைத்து எழுதியவர்கள் எல்லோரிடமும், காதலர்களானாலும் கலகக்காரர்களானாலும், ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தை, அல்லது யாரும் கண்டிராத ஒரு குறியைப் போட்டுவிட்டால் போதும், படிப்பவனுக்கு ஒன்றும் விளங்காது என்கிற நம்பிக்கை. வாத்ஸ்யாயனரின் 64 கலைகளில் இதுவும் ஒரு கலை. உரையெழுதிய யசோதரர் எந்த வரிசை எழுத்துக்கு எந்த வரிசையை மாற்றிப்போடுவது என்று முறைகளே சொல்கிறார். அர்த்தசாஸ்திரமும் ஒற்றர்கள் சங்கேத எழுத்தில் செய்தி அனுப்ப வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் ‘க’ போட்டு நாங்கள் பேசித் திரிந்த ‘க’ பாஷைகூட இந்த வம்சத்தின் கடைக்குட்டிதான். நன்னூல் உரைகாரர்கள் குழூஉக்குறி என்று சொல்வது இதிலிருந்து வேறு. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் சொல்லுக்குச் சொல் மாற்றுவது. அதை உடைக்க அந்தக் கூட்டத்துக்குள் போய் உட்கார வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றுவதை உடைக்க யாரோடும் பழக வேண்டியதில்லை. ஒரு மேஜையும் தாளும் பொறுமையும் போதும்.

எப்படி? எல்லோருக்கும் தெரிந்த பதில், எண்ணிப் பார்ப்பது. ஆங்கிலத்தில் ‘இ’ என்ற எழுத்துதான் அதிகம் வரும், நூற்றுக்கு 12 அல்லது 13. எனவே சங்கேதக் கடிதத்தில் அதிகம் வரும் குறி ‘இ’. அடுத்தது ‘டி’, சுமார் 9. இது பாதிக் கதைதான். அதற்கு அடுத்துவரும் ஏ, ஓ, ஐ, என், எஸ், எச், ஆர் ஆகியவை 6-க்கும் 8-க்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு சின்னக் கடிதத்தில் இவற்றில் எது முந்தும் எது பிந்தும் என்று சொல்ல முடியாது. தலையெண்ணிக்கையை மட்டும் நம்பி இறங்குகிறவன் இங்கே வந்து சிக்கிக்கொள்கிறான்.

எட்கார் ஆலன் போ 1843-இல் எழுதிய ‘தங்க வண்டு’ கதையை வைத்துத்தான் உலகமே இந்த வித்தையைத் தெரிந்துகொண்டது. அந்தக் கதையின் நாயகன் ஆங்கில எழுத்துகளுக்கு ஒரு வருகை வரிசை சொல்கிறான். அந்த வரிசை தப்பு. இரண்டாவதாக வரவேண்டிய ‘டி’யைப் பத்தாவது இடத்துக்குத் தள்ளிவிட்டார் போ. இருந்தும் சங்கேதம் உடைகிறது, கதைக்குள் நியாயமாகவே உடைகிறது! ஏனென்றால் அவன் ‘இ’யைப் பிடித்ததும் எண்ணிக்கையை விட்டுவிடுகிறான். ‘இ’க்கு முன்னால் ஒரே மாதிரி இரண்டு குறிகள் திரும்பத் திரும்ப நிற்கின்றனவே என்று பார்க்கிறான். டி, எச், இ – ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சொல். கதையைக் காப்பாற்றியது அண்டை வீடு.

‘எச்’ எத்தனை முறை வருகிறது என்பதைவிட யாரோடு வருகிறது என்பது அதைக் காட்டிக்கொடுக்கிறது. அது ‘டி’யின் பின்னாலும் ‘இ’யின் முன்னாலும் ஓயாமல் நிற்கும், ஆனால் ‘இ’க்குப் பின்னால் ‘எச்’ வருவது அபூர்வம். அதாவது உறவு ஒருவழிப் பாதை. ஏ, ஐ, ஓ ஆகிய உயிர்கள் எல்லா மெய்களோடும் கலந்து பழகும், தங்களுக்குள் பெரும்பாலும் விலகி நிற்கும். ‘என்’னுக்கு முன்னால் பார்த்தால் பெரும்பாலும் ஓர் உயிரெழுத்து இருக்கும். ‘கியூ’ வந்தால் ‘யூ’ வந்தே தீரும். இவற்றையெல்லாம் வரிசைக்கு 26, நிரலுக்கு 26 என்று 676 கட்டம் போட்ட ஒரு தாளில் கோடு கோடாகக் குறித்துக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் அந்தத் தாள் ஒரு சாதித் தெருவின் வரைபடம் மாதிரி ஆகிவிடுகிறது. யார் யார் வீட்டுக்குப் போகலாம், யார் போகக்கூடாது, யாருக்கு யாரோடு மட்டும் சம்பந்தம். குறிக்கு வேறு முகம் கொடுக்கலாம். அது எங்கே குடியிருக்கிறது என்பதை மாற்ற முடியவில்லை.

இதைப் படிக்கும்போது சிலருக்கு சொசூரின் நினைவு வரும். 1916-இல் வந்த அவரது விரிவுரைத் தொகுப்பு, மொழியில் தனித்த பொருட்கள் இல்லை, வேறுபாடுகளும் உறவுகளுமே உண்டு என்றது. சதுரங்கக் காய் மரத்தில் இருந்தால் என்ன, தந்தத்தில் இருந்தால் என்ன. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982-இல் வந்தபிறகு நாமெல்லாம் இதைத் திண்ணையில் உட்கார்ந்து பேசியாகிவிட்டது. என்னைத் தொந்தரவு செய்வது வேறு. சொசூருக்கு ஆயிரம் வருடம் முன்பே இந்த உண்மையைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள், அவர்களுடைய அறிவின் முக்கியமான பயன் பிறர் கடிதத்தைப் படிப்பதாக இருந்தது என்பது.

முதலில் பாக்தாத். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-கிந்தி என்ற தத்துவவாதி எழுதிய சங்கேதம் உடைக்கும் நூல்தான் இத்துறையில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பழையது. இஸ்தான்புல்லின் சுலைமானியே நூலகத்தில் கிடந்த அந்தக் கையெழுத்துப் படி 1987-இல் டமாஸ்கஸில் பதிப்பிக்கப்பட்டது. அதற்கு இருபது வருடம் முன்பு, 1967-இல், டேவிட் கான் தன் பெரும் வரலாற்று நூலை எழுதியபோது அவர் கையில் இருந்த அரபுச் சான்று 1412-இல் முடிக்கப்பட்ட ஒரு கலைக்களஞ்சியம். அதை வைத்தே இந்தக் கலை அரபுகளிடம் பிறந்தது என்று அவர் சரியாகச் சொன்னார். எழுத்தை எண்ணிப் பார்க்கச் சொன்னவர் என்று மட்டும் அல்-கிந்தியை இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று அளவு சார்ந்தது. மற்றது எந்த எழுத்து எந்த எழுத்தோடு சேரும், எதோடு சேராது என்பது. இரண்டாவதற்கு அவர் கணிசமான இடம் ஒதுக்கியிருக்கிறார்.

அந்த இரண்டாவது வழி எங்கிருந்து வந்தது? இலக்கணத்திலிருந்து. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த அல்-கலீல் இப்னு அஹ்மத் அரபு அகராதியை அகர வரிசையில் அமைக்காமல், தொண்டைக்குள் பிறக்கும் ஒலியில் தொடங்கி உதட்டில் முடியும்படி அடுக்கினார். பிறப்பிடம் அருகருகே இருக்கும் சில ஒலிகள் ஒரே வேர்ச்சொல்லில் சேர்ந்து வராது என்று கவனித்தவர் அவர். சங்கேதம் பற்றியும் ஒரு நூல் எழுதியதாகச் சொல்வார்கள், அது கிடைக்கவில்லை. பின்னால் 13-ஆம் நூற்றாண்டில் இப்னு அத்லான், உடைக்க வேண்டுமானால் கடிதத்தில் சுமார் 90 எழுத்தாவது இருக்க வேண்டும், அதாவது நெடுங்கணக்கைப் போல மூன்று மடங்கு, என்று அனுபவத்திலிருந்து அளவு சொன்னார்.

இங்கே நம் தொல்காப்பியத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நூன்மரபில் வரும் மெய்ம்மயக்கம் அப்படியே எழுத்து ஜோடிகளின் இலக்கணம். எந்த மெய் தன்னோடு மட்டும் மயங்கும், எது பிறவற்றோடு மயங்கும் என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறது. க், ச், த், ப் நான்கும் தன்னோடு மட்டும். ர், ழ் இரண்டும் தன்னோடு சேராது. ங்-க்குப் பின் க (‘அங்ஙனம்’ போன்ற ஓரிரண்டை விட்டுவிடலாம்). மொழிமரபில் சொல்லின் முதலில் எது வரும், இறுதியில் எது நிற்கும் என்ற கணக்கும் இருக்கிறது. தமிழில் எழுத்துக்கு எழுத்து மாற்றி ஒருவர் சங்கேதக் கடிதம் எழுதினால் அதை உடைப்பதற்கான சாவி இந்தச் சூத்திரங்களில் தயாராக இருக்கிறது. ஒரு புள்ளிக் குறிக்குப் பின்னால் எப்போதும் ஒரே வரிசைதான் வருகிறது என்றால் அது யார் யாராக இருக்கலாம் என்பது ஒரு கை விரலில் அடங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை. ‘சக்தி’, ‘பக்தி’ என்று வடசொல் கலந்து எழுதுகிறவரின் கடிதம் இந்த விதிகளை மீறிக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தனித்தமிழில் எழுதுகிற தோழரின் கடிதம்தான் முதலில் சிக்கும்!

அப்படியானால் தமிழ் இலக்கணிகள் ஏன் அல்-கிந்தி ஆகவில்லை? அறிவுக் குறைவால் அல்ல என்பது வெளிப்படை. என் கணிப்பு இதுதான். தொல்காப்பியர் சொல்வது விதி: வரும், வராது. அல்-கிந்தி கேட்பது கணக்கு: எத்தனை முறை வரும்? விதியிலிருந்து கணக்குக்கு நகர்வது வெறும் அறிவுச் செயல் அல்ல. அதற்குக் காகிதம் மலிய வேண்டும், குர்ஆனின் எழுத்துகளைக்கூட ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் ஒரு கல்வி மரபு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தபாலும் வேவும் ஒரே துறையாக இருக்கும் ஓர் அரசு வேண்டும். அப்பாசியர்களின் ‘பரீத்’ அப்படிப்பட்ட துறை. கடிதம் கொண்டுபோகிறவனே ஊர்ச் செய்தியை மேலே சொல்கிறவனும். எண்ணுவது என்றைக்கும் அதிகாரத்துக்குப் பிடித்த வேலை. தலைகளை எண்ணுவது, நிலத்தை எண்ணுவது, பிறகு எழுத்தை எண்ணுவது.

ஐரோப்பாவில் இது 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய நகர அரசுகளின் வேலையாக வருகிறது. மிலான் பிரபுவின் செயலர் சிக்கோ சிமொனெட்டா 1474-இல் சங்கேதம் உடைப்பதற்கான விதிகளைப் பட்டியலிட்டார். ஆனால் ரத்தம் சிந்திய உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. அதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் மேரி அரசி 1586-இல் சார்ட்லி மாளிகையில் சிறையில் இருந்தார். வெளியிலிருந்து கடிதங்கள் பீர் பீப்பாய்க்குள் மறைத்துப் போய் வந்தன. கொண்டுபோன கில்பர்ட் கிஃபோர்ட் உளவுத் தலைவர் வால்சிங்காமின் ஆள். ஒவ்வொரு கடிதமும் முதலில் தாமஸ் ஃபெலிப்பஸ் என்ற எழுத்தரின் மேஜைக்குப் போய், படி எடுக்கப்பட்டு, மறுபடி முத்திரையிடப்பட்டு மேரியிடம் போனது. அந்தோணி பேபிங்டன் என்ற இளைஞன் ஜூலையில் எழுதிய கடிதத்தில் ஆறு பிரபுக்கள் எலிசபெத்தைத் தீர்த்துக்கட்டப்போவதை அப்பட்டமாகவே எழுதியிருந்தான். ஜூலை 17-இல் மேரி பதில் எழுதினார். அதைப் படித்து முடித்த ஃபெலிப்பஸ் உறையின் மேல் ஒரு தூக்குமரம் வரைந்து அனுப்பினார். அத்தோடு விடவில்லை. உடைப்பவனுக்கு எழுதவும் தெரியும் அல்லவா? அதே சங்கேதத்தில், அந்த ஆறு பேரின் பெயர் என்ன என்று கேட்டு ஒரு பின்குறிப்பைத் தாமே சேர்த்தார். செப்டம்பரில் பேபிங்டனைக் கொன்றார்கள். 1587 பிப்ரவரி 8-இல் மேரியின் தலை விழுந்தது.

மேரி பேபிங்டனுக்கு எழுதிய சங்கேதம் முட்டாள்கள் செய்தது அல்ல. 23 எழுத்துக்குக் குறிகள், புழங்கும் சொற்களுக்குத் தனியாக 35-க்கு மேல் குறிகள். அவற்றோடு அர்த்தமே இல்லாத நான்கு வெற்றுக் குறிகள். ‘அடுத்த எழுத்தை இரண்டாகக் கொள்’ என்று சொல்ல இன்னொன்று. இந்தக் கடைசி இரண்டு ஏற்பாடுகளைக் கவனியுங்கள். வெற்றுக் குறி, ஜோடிகளுக்கு நடுவே ஆளை நிறுத்தி உறவைக் குலைக்கத்தான். இரட்டிக்கும் குறி, ஒரே எழுத்து அடுத்தடுத்து நிற்பது கண்ணில் படாமல் இருக்கத்தான். ஆக, காட்டிக்கொடுப்பது அண்டைவீடுதான் என்று அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. போதவில்லை. நான்கு வெற்றுக் குறிகளால் ஒரு மொழியின் பழக்கத்தைக் கலைத்துவிட முடியாது. இதில் இன்னொரு ஆபத்து, சங்கேதம் இருக்கிற தைரியத்தில் மனிதர்கள் வாயை அடக்குவதில்லை. வெறும் கடிதமாக இருந்திருந்தால் பேபிங்டன் அந்த வாக்கியத்தை எழுதியிருப்பானா?

மேரியின் கதை அங்கே முடியவில்லை. பாரிஸ் தேசிய நூலகத்தில் இத்தாலிய விவகாரம் என்று தப்பாகப் பட்டியலிடப்பட்டுக் கிடந்த ஒரு கட்டுச் சங்கேதத் தாள்களை ஜார்ஜ் லாஸ்ரி, நார்பர்ட் பியர்மன், சதோஷி தொமோகியோ என்ற மூவர் எடுத்து உடைத்தார்கள். 2023 பிப்ரவரியில் முடிவு வந்தது: 57 கடிதங்கள், 1578-க்கும் 1584-க்கும் இடையில், பெரும்பாலும் பிரெஞ்சுத் தூதர் கஸ்தெல்னோவுக்கு மேரி எழுதியவை. இந்தச் சங்கேதம் கடினமானது. ஓர் எழுத்துக்குப் பல குறிகள் இருந்தன, தலையெண்ணிக்கை பயன்படாதபடி. அவர்களுடைய கணினி செய்தது இவ்வளவுதான்: ஒரு சாவியைக் குருட்டாம்போக்கில் எடுத்து வைத்துக்கொள்வது, அதன்படி வரும் எழுத்துத் தொடர்கள் ஒரு மொழியின் இயல்பான தொடர்களுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகின்றன என்று மதிப்பெண் போடுவது, சாவியில் ஏதோ ஒன்றை மாற்றிப் பார்ப்பது, மதிப்பெண் ஏறினால் வைத்துக்கொள்வது. இத்தாலிய மொழிக்கு ஒத்துவரவில்லை; பிரெஞ்சுக்கு ஒத்துவந்தது. தாளில் ‘மேரி’ என்ற பெயர் தேடி அவர்கள் போகவில்லை. எழுத்துகளின் உறவு அவர்களை அந்தச் சிறையறைக்குக் கொண்டுபோய் விட்டது.

எளிய பதிலீட்டுக்கு இந்த முறையின் சுத்தமான வடிவத்தை 1995-இல் டென்மார்க்கின் தாமஸ் யாகொப்சன் வெளியிட்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதில் கடிதத்தைப் படிக்கவே வேண்டியதில்லை. சங்கேதத்திலிருந்து ஒரு முறை ஜோடிப் பட்டியல் எடுத்தாகிவிட்டது. சாதாரண ஆங்கில நூல்களிலிருந்து இன்னொரு பட்டியல். பிறகு கடிதத்தை ஓரமாக வைத்துவிடலாம். முதல் பட்டியலில் இரண்டு வரிசைகளை இடம் மாற்றி, அதே இரண்டு நிரல்களையும் இடம் மாற்றி, இரண்டு பட்டியலுக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. 26 எழுத்தை எத்தனை விதமாக அடுக்கலாம் என்றால் 4-க்குப் பின்னால் 26 சைபர் போட வேண்டும். அத்தனையையும் தேட வேண்டியதில்லை. வித்தியாசம் இறங்கும் பக்கமாகவே நடந்து போனால் போதிய நீளமுள்ள கடிதம் பெரும்பாலும் தானே திறந்துகொள்கிறது. ஒரு வாக்கியத்தைக்கூட வாசிக்காமல் ஒரு பிரதியைத் திறக்கும் வாசகன்! வாசகனைப் பற்றி நம் பக்கங்களில் எழுதப்பட்ட கோட்பாடுகள் எதிலும் இந்த ஆளுக்கு இடம் இல்லை.

இந்த வரலாற்றில் எனக்குப் பிரியமான மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் சங்கேதம் எதையும் உடைத்தவர் அல்ல. ஆந்த்ரேய் மார்க்கோவ், பீட்டர்ஸ்பர்க் கணிதர். 1913 ஜனவரியில் அவர் அகாதமியில் ஓர் உரை நிகழ்த்தினார். புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ செய்யுள் நாவலின் முதல் 20,000 எழுத்துகளை எடுத்து உயிர், மெய் என்று பிரித்துக் கையால் எண்ணியிருந்தார். உயிர் 8,638. மெய் 11,362. பிறகு ஜோடிகள். ஓர் உயிருக்குப் பின் உயிர் வருவது நூற்றுக்கு சுமார் 13 தடவை. மெய்க்குப் பின் உயிர் வருவது சுமார் 66 தடவை. அடுத்து என்ன எழுத்து வரும் என்பது இப்போது என்ன எழுத்து நிற்கிறது என்பதைச் சார்ந்திருக்கிறது. அந்தச் சார்பை எண்ணால் சொல்ல முடியும். இன்று மார்க்கோவ் சங்கிலி என்று உலகம் முழுக்கப் பாடத்தில் இருப்பது இதுதான். கவிதையை இப்படிக் கூறுபோடலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும்.

அவர் ஏன் இதைச் செய்தார் என்பது முக்கியம். மாஸ்கோவில் பாவெல் நெக்ராசோவ் என்ற கணிதர் இருந்தார், முதலில் இறையியல் படித்தவர், அரசுக்கும் திருச்சபைக்கும் வேண்டியவர். பெரும் எண்களின் விதி செல்லுபடியாக வேண்டுமானால் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராமல் தனித்திருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். மனிதச் செயல்களின் புள்ளிவிவரங்களில் அந்த விதி தெரிகிறது, ஆகவே மனிதச் செயல்கள் தனித்தவை, ஆகவே சுதந்திர சித்தம் உண்டு, ஆகவே திருச்சபை சொல்வது சரி. மார்க்கோவ் இதை வெறுத்தார். ஒன்றையொன்று சார்ந்து சங்கிலியாக வரும் நிகழ்ச்சிகளும் அதே விதிக்குக் கட்டுப்படும் என்று நிறுவிக் காட்டினார். ஒனேகின் கணக்கு அதற்கான கண்கூடான சான்று. ஆள் அப்படித்தான். கார்க்கி அகாதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதை 1902-இல் ஜார் ரத்து செய்தபோது எதிர்ப்புத் தெரிவித்தவர். 1912-இல் தன்னைத் திருச்சபையிலிருந்து விலக்கும்படித் தானே விண்ணப்பம் போட்டவர். 1913-இல் நாடே ரொமானோவ் வம்சத்தின் 300-ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, பெரும் எண்களின் விதிக்கு 200 ஆண்டு ஆகிவிட்டது என்று போட்டி விழா எடுத்தவர். அதற்கு முன்பே 1908-இல், மாணவர் கிளர்ச்சியின்போது பேராசிரியர்கள் மாணவர்களைக் கண்காணிக்க வேண்டும் என்று அரசு சுற்றறிக்கை அனுப்பியதும், அரசின் ஏஜெண்டாக இருக்க என்னால் முடியாது என்று எழுதிக் கொடுத்தவர்.

வேவு பார்க்க மறுத்த அந்த மனிதரின் சங்கிலி எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். கிளாட் ஷானன் 1945-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ரகசிய அறிக்கையாக எழுதி 1949-இல் வெளியிட்ட சங்கேதக் கோட்பாடு மொழியை மார்க்கோவின் வழியில்தான் அணுகுகிறது: ஓர் எழுத்தைப் பார்த்து அடுத்த எழுத்தை ஊகிக்க முடியும் அளவுக்கு மொழியில் மிகை இருக்கிறது, அந்த மிகைதான் உடைப்பவனுக்கு உணவு. எளிய பதிலீட்டில் எழுதிய ஆங்கிலக் கடிதத்துக்கு ஒரே ஒரு விடைதான் சாத்தியம் என்றாக 30 எழுத்து அளவு போதும் என்று அவர் கணக்குப் போட்டார். இப்னு அத்லானின் 90 சுருங்கி 30 ஆயிற்று. (90 என்பது கையால் உடைக்க, 30 என்பது கொள்கையளவில்.) சோவியத் பக்கத்தில் 1962-இல் சுகோதின் இன்னும் எளிமையாக ஒரு வழி சொன்னார். தெரியாத எழுத்தில், தெரியாத மொழியில் ஒரு பிரதி. எல்லோரோடும் அதிகம் பழகும் குறியை உயிர் என்று வைத்துக்கொள். அதனோடு ஒட்டி வந்த தொடர்புகளை மற்றவற்றின் கணக்கிலிருந்து இரண்டு மடங்காகக் கழி. மிஞ்சியதில் அதிகம் யாருக்கோ அது அடுத்த உயிர். இப்படியே கணக்கு தீரும்வரை. மொழியே தெரியாமல் உயிரையும் மெய்யையும் பிரித்துவிடலாம்.

நம் ஆட்களும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியின் உதவியோடு இந்தியாவில் கிளர்ச்சி நடத்த முயன்ற கதர் இயக்கத்தவர்களின் சங்கேதக் கடிதங்கள் 1917-இல் அமெரிக்காவில் வில்லியம் ஃப்ரீட்மன் கைக்குப் போயின. அவர்கள் எளிய பதிலீட்டை நம்பவில்லை. ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கம், வரி, எழுத்து என்று எண்களால் எழுதியவையும் அவற்றில் இருந்தன. நல்ல யோசனைதான். ஆனால் புத்தகமும் மொழியில்தானே இருக்கிறது? ஒரே வரியிலிருந்து எடுத்த எழுத்துகள் அந்த வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. கடிதத்தில் ஒரு சொல்லை ஊகித்தால் புத்தகத்தின் வரியில் சில எழுத்துகள் தெரியும். அந்த வரியை ஊகித்தால் கடிதத்தில் இன்னும் சில தெரியும். புத்தகம் கையில் இல்லாமலே ஃப்ரீட்மன் படித்துவிட்டார். சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். அந்த வழக்கு 1918 ஏப்ரலில் முடியும் தறுவாயில், கதர் பத்திரிகையின் ராம் சந்திராவை உடன் குற்றஞ்சாட்டப்பட்ட ராம் சிங் நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றதும், அவரை நீதிமன்றக் காவலர் சுட்டதும் தனிக் கதை.

“இப்போதெல்லாம் போனிலேயே உடைக்க முடியாத சங்கேதம் இருக்கு தோழர், இந்தப் பழங்கதை எதுக்கு?” என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். இன்றைய சங்கேத முறைகள் எழுத்து ஜோடிகளின் தடம் துளிகூட மிஞ்சாதபடி அரைத்துவிடுகின்றன. வெளியே தெரிவது எந்த உறவும் இல்லாத எண் குப்பை. அதில் ‘டி’யும் இல்லை, ‘எச்’சும் இல்லை. 676 கட்டத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாக் கட்டமும் சமமாகத்தான் நிரம்பும்.

ஆனால் தாளை மடித்து வைத்துவிட்டார்களா என்ன? 2013 ஜூனில் ‘கார்டியன்’ பத்திரிகை ஓர் அமெரிக்க ரகசிய நீதிமன்ற உத்தரவை வெளியிட்டது. எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்தது. வெரைசான் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளைத் தினமும் ஒப்படைக்க வேண்டும் என்றது அது. பேச்சைக் கேட்கவில்லை, உள்ளடக்கம் வேண்டாம் என்று உத்தரவிலேயே தெளிவாக இருந்தது. எந்த எண் எந்த எண்ணைக் கூப்பிட்டது, எப்போது, எவ்வளவு நேரம் – இவ்வளவுதான் கேட்டார்கள். நம்மூரில் போலீஸ் ஒரு வழக்கை எடுத்ததும் முதல் வேலையாக வாங்குகிற சி.டி.ஆர். என்பதும் இதுவே. அழைத்தவர், அழைக்கப்பட்டவர், எத்தனை முறை. வரிசையில் எழுத்துக்குப் பதில் ஒரு தோழரின் எண், நிரலில் இன்னொரு தோழரின் எண், கட்டத்துக்குள் ஒரு எண்ணிக்கை. எல்லோரோடும் அதிகம் பழகும் எண் எது என்று முதலில் பார்க்கிறார்கள்.